எதிரெதிர் வரிசைகள்: காமன்ஸ் சபை இருக்கைகளின் வரலாறு

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில் கூடும் காமன்ஸ் சபைக்கு உறுப்பினர்கள் 650 பேர். அவையில் உட்கார 427 இடங்களே உண்டு. யாருக்கும் தனி நாற்காலி இல்லை. முன்னால் மேசையும் இல்லை. பச்சைத் தோல் தைத்த நீண்ட பெஞ்சுகள் ஐந்து ஐந்து அடுக்காக இரு பக்கமும் ஏறிச் செல்கின்றன. நடுவில் வெறும் தரை, அதன் ஒரு கோடியில் சபாநாயகரின் நாற்காலி. அவருக்கு வலப்புறம் ஆளுங்கட்சி, இடப்புறம் எதிர்க்கட்சி. ஒரு பக்கத்தார் கண்ணை உயர்த்தினால் மறுபக்கத்தார் முகத்தில்தான் பார்வை விழும். விவாதத்துக்கென்று யாரும் இப்படி வரைந்து கட்டவில்லை. வழிபாட்டுக்காகக் கட்டிய கூடம் ஒன்றில் சபை குடியேறியபோது தற்செயலாகக் கிடைத்த அமைப்பு இது. கூடம் போதவில்லை என்ற முறையீடு எழுந்தபோதும், அது எரிந்தபோதும், குண்டு விழுந்தபோதும் வேறு வடிவத்துக்கு மாற வழி இருந்தது. மூன்று முறையும் உறுப்பினர்கள் பழைய வடிவத்தையே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அதனால் இதைத் தற்செயல் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது.

தொடக்க நூற்றாண்டுகளில் காமன்ஸ் சபைக்குச் சொந்த இடமே கிடையாது. வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் துறவிகள் கூடும் மண்டபத்திலும், பின்னர் அவர்களுடைய உணவுக்கூடத்திலும் அது கூடியது. அருகிலிருந்த அரண்மனைக்குள் புனித ஸ்டீபன் ஆலயம் இருந்தது. முதலாம் எட்வர்டு காலத்தில், 1292-ல் கட்டத் தொடங்கிய இரண்டடுக்கு அரச ஆலயம் அது. ஆறாம் எட்வர்டு ஆட்சியில் இத்தகைய ஆலய அறக்கட்டளைகள் கலைக்கப்பட்டபோது அதன் மேல்தளம் காலியானது. 1550-ஐ ஒட்டி காமன்ஸ் சபை அங்கே இடம்பெயர்ந்தது. குருமார்கள் எதிரெதிராக அமர்ந்து மாறிமாறித் துதி பாடுவதற்காகச் சுவரோரம் போட்டிருந்த வரிசைகளில் உறுப்பினர்கள் உட்கார்ந்தார்கள். பலிபீடம் இருந்த பக்கத்துப் படிகளின் மேல் சபாநாயகரின் நாற்காலி வந்தது. இன்றும் அவைக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் உறுப்பினர்கள் நாற்காலியை நோக்கித் தலை வணங்குகிறார்கள். பலிபீடத்துக்குச் செய்த வணக்கத்தின் எச்சம் அது என்று சபையில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள்.

ஆலயத்தின் முன்கூடம் வாக்கெடுப்புக்குப் பயன்பட்டது. ஒரு தரப்பு முன்கூடத்துக்கு எழுந்து போகும், மறு தரப்பு உள்ளேயே இருக்கும், இரண்டையும் எண்ணுவார்கள். இதில் ஒரு சிக்கல் இருந்தது. நெரிசலான கூடத்தில் எழுந்து போனவரின் இடம் திரும்பி வரும்போது இருக்கும் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்தே வாக்களிப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. 1601-ல், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவதைக் கட்டாயமாக்கும் மசோதா ஒன்று 106-க்கு 105 என்று ஒரே வாக்கில் தோற்றது. வெளியே போக எழுந்த ஓர் உறுப்பினரைப் பக்கத்திலிருந்தவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டதாகப் புகார் கிளம்பியது. இதென்ன பெரிய விஷயம், நானே பலமுறை அப்படி இழுத்திருக்கிறேன் என்று சர் வால்டர் ராலே சொன்னது சபையில் பெரும் கூச்சலைக் கிளப்பியது. எந்த இடத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், எளிதாக எழ முடிகிறதா என்பது ஒரு சட்டத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆளுங்கட்சி வலம், எதிர்க்கட்சி இடம் என்ற ஒழுங்கு ஆலயத்தோடு வந்ததல்ல. டியூடர் காலத்தில் கட்சிகளே இல்லை. அரசரின் ஆலோசகர்கள் நாற்காலிக்கு அருகிலிருந்த இடங்களில் அமர்ந்தார்கள். மற்றவர்கள் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அமைச்சரவை ஒரு குழுவாகச் செயல்படத் தொடங்கிய பிறகுதான் வலப்புற முன்வரிசை அமைச்சர்களுக்கு உரியதாக நிலைத்தது. கருவூலப் பொறுப்பாளர்கள் உட்கார்ந்ததால் அதற்கு ‘கருவூல வரிசை’ என்று பெயர் வந்தது. ஆட்சியை எதிர்த்தவர்கள் எதிர்ப்பக்கம் சேர்ந்து உட்காரும் வழக்கமும் அதே காலத்தில் மெல்ல உறுதிப்பட்டது. வரிசைகளை நடுவில் குறுக்கே வெட்டும் ஒரு நடைவழியும் அரசியல் அடையாளம் ஆயிற்று. அதற்கு மேலே, நாற்காலியை ஒட்டி உட்கார்ந்தால் கட்சித் தலைமையோடு நெருக்கம். கீழே உட்கார்ந்தால் தனிப்போக்கு. பார்னல் தலைமையிலான அயர்லாந்துக் கட்சியினர் லண்டனில் எந்தக் கட்சி ஆண்டாலும் எதிர்ப்பக்கத்தில் நடைவழிக்குக் கீழேயே அமர்ந்தார்கள். அயர்லாந்துக்குத் தன்னாட்சி கிடைக்கும்வரை எந்த ஆட்சியும் தங்களுடையதல்ல என்பதை அவர்கள் தினமும் உட்காரும் இடத்தாலேயே அறிவித்தார்கள்.

நாற்காலியின் வரலாறு இன்னும் கொந்தளிப்பானது. 1629 மார்ச் 2 அன்று முதலாம் சார்லஸ் மன்னர் சபையை ஒத்திவைக்க ஆணையிட்டிருந்தார். சபாநாயகர் ஜான் ஃபிஞ்ச் நாற்காலியிலிருந்து எழுந்தால் கூட்டம் முடிந்துவிடும். டென்சில் ஹோல்ஸ், பெஞ்சமின் வாலன்டைன் என்ற இரு உறுப்பினர்கள் அவரை நாற்காலியிலேயே அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மன்னருக்கு எதிரான தீர்மானங்களை வாசித்து ஒப்புதல் குரல் எழுப்பிய பிறகே சபை கலைந்தது. 1642 ஜனவரி 4 அன்று அதே மன்னர் ஐந்து உறுப்பினர்களைக் கைதுசெய்ய ஆயுதந்தாங்கிய ஆட்களோடு வந்தார். ஆட்களை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்து, சபாநாயகரின் நாற்காலியை இரவல் கேட்டுப் பெற்றார். தேடப்பட்ட ஐவரும் முன்பே தப்பியிருந்தார்கள். அவர்கள் எங்கே என்று மன்னர் கேட்டபோது சபாநாயகர் வில்லியம் லென்தால் முழந்தாளிட்டு, சபை கட்டளையிட்டதைத் தவிர வேறெதையும் காணக் கண்ணும் பேச நாவும் தனக்கு இல்லை என்று பதில் சொன்னார். அதன் பிறகு எந்த மன்னரும் காமன்ஸ் சபை நடக்கும்போது உள்ளே வந்ததில்லை.

நாற்காலிக்கு முன்னால் நீண்ட மேசை, அதன் மேல் செங்கோல். செங்கோல் மேசைமேல் இருந்தால் சபை முழு அதிகாரத்தோடு கூடியிருக்கிறது என்று பொருள். முழு அவையும் குழுவாக மாறி மசோதாவை ஆராயும்போது சபாநாயகர் நாற்காலியை விட்டு இறங்கிவிடுவார். செங்கோல் மேசைக்குக் கீழே உள்ள தாங்கிகளுக்கு இறங்கும்.

கூடத்தின் முக்கியக் குறை இட நெருக்கடி. அதன் நீளம் சுமார் 58 அடி, அகலம் 33 அடி. 1692-ல் கிறிஸ்டோஃபர் ரென் உயரமான ஆலயக் கூரைக்குக் கீழே தட்டையான உட்கூரை அமைத்துப் பக்கங்களில் மாடங்கள் கட்டினார். 1707-ல் ஸ்காட்லாந்து இணைந்து 45 உறுப்பினர்கள் வந்தபோது மாடங்கள் அகலமாயின. 1801-ல் அயர்லாந்திலிருந்து மேலும் 100 பேர் வரவிருந்ததால் ஜேம்ஸ் வயட் சுவர்களையே செதுக்கி மெலிதாக்கினார். அப்போது மரப்பலகைகளுக்குப் பின்னால் மறைந்திருந்த இடைக்கால ஓவியங்கள் வெளிப்பட்டன. சில பெஞ்சு இடங்களுக்காக அவை அழிந்தது பெரும் இழப்பு. அத்தனைக்குப் பிறகும் 658 பேருக்கு இடம் போதவில்லை. 1833-ல் ஜோசஃப் ஹியூம் என்ற சீர்திருத்த உறுப்பினர் புதிய அவைக்கூடம் வேண்டும் என்று வாதாடினார். வேறு வடிவங்களும் ஆராயப்பட்டன. சபை அதை ஏற்கவில்லை.

மறு ஆண்டே, 1834 அக்டோபர் 16 இரவு, அரண்மனையின் பெரும்பகுதி தீக்கிரையானது. பழைய வரிக்கணக்குக்குப் பயன்பட்ட மரக்குச்சிகளைப் பிரபுக்கள் சபையின் அடியிலிருந்த உலையில் அளவுக்கு மீறிப் போட்டு எரித்ததே காரணம். புதிய அரண்மனைக்கான போட்டியில் வந்த 97 வரைபடங்களில் சார்லஸ் பாரியுடையது தேர்வானது. எரிந்துபோன ஆலயத்தின் எதிரெதிர் வரிசைகளையே அவர் புதிய கூடத்திலும் அமைத்தார். 1850-ல் வெள்ளோட்டம் பார்த்தபோது குரல் கேட்கவில்லை என்று உறுப்பினர்கள் முறையிட்டதால் கூரையைத் தாழ்த்த வேண்டிவந்தது. அவை 1852-ல் முறைப்படி பயன்பாட்டுக்கு வந்தது. தீ ஒரு நல்ல மாற்றத்துக்கும் வழிவிட்டது. புதிய கூடம் எழும் முன்பே, 1836 முதல் ஆம் என்பவர்களுக்கும் இல்லை என்பவர்களுக்கும் தனித்தனி லாபிகள் வந்தன. இரு தரப்பும் எழுந்து வெளியே போய் எண்ணப்பட்டுத் திரும்பின. உட்கார்ந்திருப்பவருக்கு இருந்த சலுகை அத்தோடு ஒழிந்தது.

எல்லோருக்கும் இடமில்லாத அவையில் இடம் பிடிக்கும் முறை என்று ஒன்று தேவைப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உறுப்பினர்கள் காலையிலேயே வந்து தொப்பியை வைத்துவிட்டுப் போனார்கள். தொப்பிக்குப் பதிலாகப் பின்னர் அட்டை வந்தது. ஒவ்வொரு நாளும் கூட்டம் பிரார்த்தனையோடு தொடங்குகிறது. அதற்கு நேரில் வந்து நிற்பவர் தன் பெயர் எழுதிய அட்டையை இருக்கையின் பின்புறச் சட்டத்தில் செருகிவிட்டால், அன்று முழுவதும் அந்த இடம் அவருடையது. பிரார்த்தனையின்போது உறுப்பினர்கள் சுவரை நோக்கித் திரும்பி நிற்பார்கள். முன்வரிசைகளுக்கு அட்டை தேவையில்லை. ஆளும் பக்கம் அமைச்சர்களுக்கும் எதிர்ப்பக்கம் நிழல் அமைச்சர்களுக்கும் அவற்றை மற்றவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். பல ஆண்டுகள் ஒரே மூலையில் உட்கார்ந்தவருக்கு அந்த இடத்தைச் சகாக்கள் விட்டுக்கொடுப்பதும் உண்டு. தொழிற்கட்சியின் டென்னிஸ் ஸ்கின்னர் நடைவழிக்குக் கீழே முதல் இடத்தில் பல பத்தாண்டுகள் அமர்ந்தது அப்படித்தான். தொப்பிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வாக்கெடுப்பு நடக்கையில் ஒழுங்குப் பிரச்சினை எழுப்புபவர் உட்கார்ந்தபடி, தலையை மூடிக்கொண்டு பேச வேண்டும். அதற்கென மடக்குத் தொப்பி ஒன்றை அவையில் வைத்திருந்தார்கள். 1998-ல் அந்த வழக்கம் கைவிடப்பட்டது.

இரு முன்வரிசைகளின் எதிரிலும் கம்பளத்தில் ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது. பேசுபவர் அதைத் தாண்டக் கூடாது. இரண்டு கோடுகளுக்கும் நடுவே இரண்டு வாள் நீள இடைவெளி இருப்பதாகவும், உறுப்பினர்கள் வாளை உருவிச் சண்டையிடாமலிருக்க அப்படி வரைந்ததாகவும் வழிகாட்டிகள் பார்வையாளர்களுக்குச் சொல்வதுண்டு. உறுப்பினர்கள் அவைக்குள் வாள் கொண்டுவர அனுமதி இருந்ததாகப் பதிவு இல்லை. அதனால் இந்தக் கதையை நம்புவதற்கில்லை. கோடு கைகலப்பைத் தடுத்துவிடவும் இல்லை. 1893 ஜூலை 27 அன்று அயர்லாந்துத் தன்னாட்சி மசோதா விவாதத்தில் உறுப்பினர்கள் தரையில் இறங்கி ஒருவரையொருவர் குத்திக்கொண்டார்கள்.

பெண்களுக்கு இந்தக் கூடம் கொடுத்த இடம் வெட்கப்படத் தக்கது. பழைய ஆலயத்தில் அவர்கள் உட்கூரைக்கு மேலே ஏறி, விளக்குப் புகை வெளியேறும் காற்றுத் துளை வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார்கள். பாரியின் கட்டடத்தில் சபாநாயகர் நாற்காலிக்கு மேலே, உயரத்தில் பெண்களுக்கென ஒரு மாடம் கிடைத்தது. உள்ளே இருப்பவர்களை உறுப்பினர்கள் பார்த்துவிடாதபடி அதன் முன்னால் கனத்த உலோகச் சட்டகம் பொருத்தப்பட்டிருந்தது. 1908 அக்டோபர் 28 அன்று வாக்குரிமைப் போராளிகளான மூரியல் மேட்டர்ஸ், ஹெலன் ஃபாக்ஸ் இருவரும் அந்தச் சட்டகத்தில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு முழங்கினார்கள். பூட்டைத் திறக்க முடியாமல் சட்டகத்தோடு சேர்த்தே அவர்களை வெளியே எடுத்துச்செல்ல வேண்டியதாயிற்று. 1917-ல் அது நிரந்தரமாக அகற்றப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1919 டிசம்பர் 1 அன்று, நான்சி ஆஸ்டர் கீழே பச்சைப் பெஞ்சில் உறுப்பினராக அமர்ந்தார்.

இந்த எதிரெதிர் வரிசைகளுக்கு நேர்மாறான வடிவம் பிரான்சில் உருவானது. 1789 கோடையில் அரசருக்குத் தடையதிகாரம் வேண்டுமா என்ற விவாதத்தில், வேண்டும் என்றவர்கள் அவைத்தலைவருக்கு வலப்புறமும் கூடாது என்றவர்கள் இடப்புறமும் திரண்டார்கள். உலக அரசியலில் வலதுசாரி, இடதுசாரி என்ற பிரிவு அங்கிருந்து பரவியது. 1798-ல் பாரிஸின் பூர்பொன் மாளிகையில் அரைவட்டப் படிவரிசைகளுடன் அவைக்கூடம் திறந்தது. அங்கே ஆட்சியும் எதிர்ப்பும் இரு அணிகளாக முகத்தோடு முகம் பார்ப்பதில்லை. எல்லோரும் பேச்சாளர் மேடையை நோக்கி அமர்கிறார்கள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கருத்துகள் படிப்படியாக நிறம் மாறுகின்றன. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகள் இந்த அரைவட்டத்தை எடுத்துக்கொண்டன. நார்வேயிலும் சுவீடனிலும் கட்சி பார்க்காமல் தொகுதி வாரியாக உட்காருகிறார்கள். ஐஸ்லாந்தில் சீட்டுக் குலுக்கி இடம் எடுக்கிறார்கள்.

லண்டனில், 1941 மே 10 இரவு ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சில் பாரியின் அவைக்கூடம் முற்றாக அழிந்தது. காமன்ஸ் சபை பிரபுக்கள் சபையின் கூடத்தில் ஒண்டிக்கொண்டது. 1943 அக்டோபர் 28 அன்று மறுகட்டுமானம் பற்றிய தீர்மானத்தைப் பிரதமர் சர்ச்சில் கொண்டுவந்தார். கட்டடங்களை நாம் வடிவமைக்கிறோம், பிறகு அவை நம்மை வடிவமைக்கின்றன என்று அவர் சொன்னது அந்த உரையில்தான். கூடம் நீள்சதுரமாக இருக்க வேண்டும், அரைவட்டம் கூடாது. எல்லா உறுப்பினர்களுக்கும் இடம் இருக்கவும் கூடாது என்று இரண்டு நிபந்தனைகள் வைத்தார். அரைவட்டத்தில் ஒருவர் அரசியல் கோட்பாடு மாறிமாறி மெல்ல நகர்ந்துகொண்டே போகலாம். நீள்சதுர அவையில் நடுத்தரையைக் கடந்து எதிர்ப்பக்கம் போவதற்குத் தீர்க்கமான முடிவு வேண்டும் என்பது அவர் வாதம். 1904-ல் கன்சர்வேடிவ் வரிசையிலிருந்து லிபரல் வரிசைக்கு நடந்தவர், பின்னர் திரும்பி வந்தவர் என்ற முறையில் அவருக்கு அதைச் சொல்லும் தகுதி இருந்தது. எல்லோருக்கும் இடமுள்ள பெரிய அவை பெரும்பாலான நாட்களில் வெறிச்சோடிக் கிடக்கும். சிறிய அவையில் சாதாரண நாளில் உரையாடல் போலப் பேச முடியும், முக்கிய நாளில் நெரிசலே அந்தத் தருணத்தின் கனத்தை உணர்த்தும் என்றார். ஜேம்ஸ் மாக்ஸ்டன் போன்ற வெகு சிலரே எதிர்த்தார்கள். இடமில்லாமையை ஒரு கொள்கையாக்கிய இந்த வாதம் விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அந்த அவையின் விவாதங்களைக் கேட்டவர்களுக்கு அதில் உண்மை இருப்பது தெரியும்.

கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்த 68 அடி நீள, 46 அடி அகலக் கூடம் 1950 அக்டோபர் 26 அன்று திறந்தது. காமன்வெல்த் நாடுகள் அதற்குத் தளவாடங்கள் அனுப்பின. சபாநாயகரின் நாற்காலி ஆஸ்திரேலியாவிலிருந்தும், மேசை கனடாவிலிருந்தும், மேசைமேல் உள்ள பெட்டிகள் நியூசிலாந்திலிருந்தும், வாயிற்கதவுகள் இந்தியா, பாகிஸ்தானிலிருந்தும் வந்தன. அவை ஒழுங்கைக் காக்கும் படைக்கலச் சேவிதரின் நாற்காலி இலங்கையின் கொடை. இலங்கைப் பிரதிநிதிகள் சபைக்குக் காமன்ஸ் சபை செங்கோலையும் சபாநாயகர் நாற்காலியையும் 1949-லேயே வழங்கியிருந்தது. 1982-ல் கோட்டேயில் ஏரி நடுவே ஜெஃப்ரி பாவா கட்டிய நாடாளுமன்றத்திலும் எதிரெதிர் வரிசைகளே இடம்பெற்றன.

இந்தியா வேறு வடிவத்தை எடுத்தது. ஹெர்பர்ட் பேக்கரும் எட்வின் லட்யன்ஸும் டெல்லியில் எழுப்பிய வட்டக் கட்டடம் 1927 ஜனவரி 18 அன்று திறக்கப்பட்டது. அதன் மத்தியச் சட்டசபைக் கூடம், பின்னாளைய மக்களவை, குதிரைலாட வடிவில் அமைந்தது. வலம் ஆட்சிக்கு, இடம் எதிர்ப்புக்கு என்ற வெஸ்ட்மின்ஸ்டர் ஒழுங்கு அந்த வளைவுக்குள் நுழைந்தது. பழைய மக்களவையில் ஆறு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் பதினொரு வரிசைகள். இரு கோடிப் பிரிவுகளில் 97 இடங்கள் வீதம், நடுவில் உள்ள நான்கில் 89 வீதம், மொத்தம் 550. எதிர்ப்பக்க முன்வரிசையின் முதல் இடம் துணை சபாநாயகருக்கு. லண்டனில் முந்தி வருபவருக்கு இடம். டெல்லியில் சபாநாயகர் ஒதுக்கிக் கொடுத்த இடம். ஐந்தும் அதற்கு மேலும் உறுப்பினர்கள் உள்ள கட்சிகளுக்கு முன்வரிசைப் பங்கைக் கணக்கிட வாய்பாடே இருக்கிறது: கட்சியின் பலத்தை வரிசையிலுள்ள இடங்களால் பெருக்கி, அவையின் மொத்தப் பலத்தால் வகுக்க வேண்டும். 1957 முதல் மின்பொறி வழி வாக்குப்பதிவு வந்ததால் தன் இடத்திலிருந்துதான் ஒருவர் பொத்தானை அழுத்த முடியும். இருக்கை எண்ணே வாக்கின் அடையாளம் ஆயிற்று. கட்சி மாறி மறுபக்கம் போய் உட்காருவது இந்தியாவில் எளிதல்ல. 1985-ன் கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி உறுப்பினர் பதவியே பறிபோகும்.

2023 மே 28 அன்று திறந்த புதிய நாடாளுமன்றத்தில் மக்களவைக்கு 888 இடங்கள் அமைந்தன; அப்போதைய உறுப்பினர் எண்ணிக்கை 543. தொகுதிகள் கூடக்கூடும் என்று எதிர்பார்த்துச் செய்த ஏற்பாடு அது. சபாநாயகரின் நாற்காலி அருகே, 1947-ல் திருவாவடுதுறை ஆதீனம் நேருவுக்கு அளித்த செங்கோல் நிறுவப்பட்டது.

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் தமிழ்நாடு சட்டப்பேரவைத் தலைவர் அமரும் நாற்காலி, ஆளுநர் வில்லிங்டன் பிரபுவும் அவர் மனைவியும் 1922 மார்ச் 6 அன்று வழங்கியது. அப்போதைய சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு வந்த அந்த நாற்காலி பல கட்டடங்கள் மாறிக் கோட்டைக்கு வந்து சேர்ந்தது. இங்கும் பேரவைத் தலைவரே இடம் ஒதுக்குகிறார். யார் யாருக்குப் பக்கத்தில் என்பது கட்சிகளின் உள்விவகாரத்தையும் தொட்டுவிடும். 2022-ல் அ.தி.மு.க. பிளவுபட்டபோது, எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமிக்கு அடுத்த இருக்கையில் ஓ.பன்னீர்செல்வம் தொடர்ந்து அமர்ந்ததைப் பழனிசாமி தரப்பு எதிர்த்தது. எதிர்க்கட்சித் துணைத் தலைவராகத் தாங்கள் தேர்ந்தெடுத்த ஆர்.பி.உதயகுமாருக்கே அந்த இடம் வேண்டும் என்று கோரி அவையில் அமளியும் வெளியேற்றமும் நடந்தன. 2024 பிப்ரவரியில் பேரவைத் தலைவர் மு.அப்பாவு உதயகுமாருக்கு அந்த இருக்கையை அளித்தார். பன்னீர்செல்வத்தின் இடம் இரண்டாம் வரிசைக்கு மாறியது.